முழுப் பேர்

தேயிலைத் தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். இலங்கை மலையகத்திலிருந்து எங்களோடு கப்பலேறி வந்த சொல் அது. மழை பிடித்துப் பாதி நாளில் வேலையை நிறுத்திவிட்டால் அரைப் பேர். சொன்ன கிலோ கொழுந்தை எடுத்து, மாலையில் மடுவத்தில் நிறுத்துக் கொடுத்துவிட்டால் முழுப் பேர். என் அம்மா லயத்து வீட்டுக்குத் திரும்பி, கூடையை இறக்கி வைத்துவிட்டு "இன்னிக்கு முழுப் பேரு" என்று சொன்னால் அன்றைக்கு வீட்டில் எல்லார் முகத்திலும் தெளிச்சி இருக்கும். செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் அந்தப் பேரைக் கணக்கப்பிள்ளை எந்தப் பெயருக்கு நேரே போடுகிறார் என்று நான் யோசித்ததே இல்லை. அது அம்மாவின் பெயர் இல்லை என்பது எனக்குப் பதினாறு வயதில்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு ஊர் நீலகிரியில் சேரங்கோடு. தொழில் மனு எழுதுவது. கூடலூரில் டைப்ரைட்டிங் படித்து முடித்து, 1986-ல் அங்கேயே ஒரு மூத்த மனு எழுத்தர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பந்தலூர் தனித் தாலுகா ஆன பிறகு என் மேசையும் பந்தலூருக்கு வந்துவிட்டது. பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், யானை மிதித்த வாழைக்கு இழப்பீடு என்று எழுதாத மனு இல்லை. ஆனாலும் இந்தச் சுற்று வட்டாரத்தில் என்னைப் 'பேர் மாத்துற ரைட்டர்' என்றுதான் சொல்வார்கள். இதுவரை எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஒரு வழக்கத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். வந்தவர்களின் பழைய பெயரை வெளியே சொல்ல மாட்டேன். இந்தக் கட்டுரையிலும் யார் பெயரும் இருக்காது. பழைய பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொண்டிருந்தால் அவர் மனு போட்டதே வீண்.

எங்கள் பகுதியில் இந்த வேலை ஏன் இவ்வளவு வருகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவானது. வருகிறவர்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில் காட்டைத் திருத்தித் தேயிலை போட்டார்கள். 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டமாகத் தொடங்கியது, 1976-லிருந்து 'டேன்டீ' என்ற கழகமாக நடக்கிறது. சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம், பாண்டியாறு என்று எங்கே போனாலும் அந்தச் செடிதான், அந்த லயம்தான்.

தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தபோது எங்கள் கையில் இருந்தவை இரண்டு: கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட், குடும்ப அட்டை. அந்த அட்டையில் என்ன பெயர் இருந்ததோ அதுதான் இந்தியாவில் எங்கள் பெயர். அதை எழுதியது யார்? தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு குமாஸ்தா. அவர் பார்த்து எழுதியது தோட்டத்து ஆபீஸ் கொடுத்த தாளை. தோட்டத்து ஆபீஸ் பார்த்தது கங்காணி சொன்னதை. எங்கள் பெண்களின் பெயர்களில் பாதி 'ஆயி' என்று முடியும். அந்த ஒரு 'ஆயி'யை ஏ-ஒய்-ஐ என்றும், ஏ-ஐ என்றும், ஏ-ஐ-இ என்றும் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். அதை இங்கே ஒருவர் மறுபடி தமிழில் எழுதும்போது 'ஆயி' 'ஐ' ஆகும், பிறகு 'அய்யா'கூட ஆகும். பெண் பெயர் ஆண் பெயராகி, ரேஷன் கார்டில் 'பாலினம்: ஆண்' என்று விழுந்து, அதைத் திருத்த ஒரு வருடம் அலைந்த பாட்டி ஒருவர் எங்கள் லயத்திலேயே இருந்தார்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. இலங்கையில் தகப்பன் பெயரை முழுதாக முன்னால் எழுதி, சொந்தப் பெயரைப் பின்னால் எழுதுவது வழக்கம். இங்கே வந்ததும், முன்னால் இருப்பதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். பின்னால் இருந்தது சிலருக்கு இனிஷியல் ஆனது, சிலருக்கு விழுந்தே போனது. அப்படித் தன் அப்பா பெயரிலேயே வாழ்ந்த ஒருவர் 2007 வாக்கில் என்னிடம் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, பேங்க் எல்லாவற்றிலும் அவர் அப்பா பெயர். பிள்ளைகளின் இனிஷியலும் தாத்தாவுடையது. "உங்களுக்கு இப்போ இதுல என்ன இடைஞ்சல் அண்ணே?" என்று கேட்டேன். பாஸ்போர்ட்டோ கடனோ ஏதாவது காரணம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னார்: "இடைஞ்சல் ஒண்ணுமில்ல தம்பி. எங்கப்பாரு பேரை முப்பத்தி மூணு வருசம் சொமந்துட்டேன். அவரு செத்தப்போ அவரு பேரு எழுதின துண்டுல நான் உசுரோட இருந்தேன். சாகும்போதாவது என் பேருல சாகணும்."

அந்த மனுவை எழுதிய பிறகுதான் என் தொழிலைப் பற்றி எனக்கே ஒரு விஷயம் புரிந்தது. எங்கள் ஊரில் பெயர் மாற்றத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எதையும் மாற்ற வரவில்லை. வீட்டில் கூப்பிடுகிற பெயர், கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்கிற பெயர், அதைத் தாளில் ஏற்றித் தரச் சொல்லித்தான் வருகிறார்கள். சட்டம் அதைப் பெயர் மாற்றம் என்று சொல்கிறது. அவர்களைப் பொறுத்தவரை பெயர் எப்போதோ மாறிப்போய்விட்டது, நாம் பழையபடி வைத்துக் கொடுக்கிறோம்.

வழிமுறை என்று பார்த்தால் சின்னதுதான். படிவம் நிரப்ப வேண்டும். போட்டோ ஒட்டி, அதில் அதிகாரி ஒருவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று, முகவரிக்கு ரேஷன் கார்டு நகல் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் கட்டணத்தோடு சென்னை அண்ணா சாலை 110-ஆம் எண்ணில் இருக்கிற எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு அனுப்ப வேண்டும். ரொம்பக் காலம் நான் டிடி எடுத்த தொகை 415 ரூபாய், தபால் செலவு உட்பட.

மலையில் கஷ்டம் அந்தக் கையெழுத்தில்தான். பச்சை மையில் போடும் அதிகாரிகள் இங்கே எத்தனை பேர்? நோட்டரி வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். ஆஸ்பத்திரி டாக்டருக்கு முன்னால் நோயாளிகள் வரிசை. எங்களுக்குப் பல வருடம் கைகொடுத்தவர் ஒரு கால்நடை மருத்துவர். மாட்டுக்கு ஊசி போட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்காருவார். படிவத்தை முழுதாகப் படிப்பார். பிறகு எதிரே நிற்பவரைப் பார்த்து, புதுப் பெயரைச் சொல்லி, "சரிதானே?" என்பார். அவர்களுடைய புதுப் பெயரை ஒரு அதிகாரி வாயிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. ஐம்பது வயது ஆம்பளை ஒருவர் அதைக் கேட்டுப் பதில் சொல்ல முடியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை அந்த மாட்டாஸ்பத்திரித் திண்ணையில் பார்த்தேன். அதற்குப் பிறகு நானும் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டேன். மனு முடிந்ததும் அந்தப் புதுப் பெயரால் ஒரு தடவை கூப்பிட்டுத்தான் தாளைக் கையில் கொடுக்கிறேன்.

அனுப்பிவிட்டால் பிறகு காத்திருப்பு. தமிழ்நாடு அரசிதழ் வாராவாரம் புதன்கிழமை வருகிறது. பெயர் மாற்றங்கள் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில் இருக்கும். முகப்பில் ஆங்கிலத் தேதியோடு தமிழ் மாதம், வருடத்தின் பெயர், திருவள்ளுவர் ஆண்டு எல்லாம் போட்டிருக்கும். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி அறிவிப்புகள்: இன்னாரின் மகன், இன்ன தேதியில் பிறந்தவன், சொந்த மாவட்டம் இது, முகவரி இது, இனிமேல் இந்தப் பெயரால் அழைக்கப்படுவான். கீழே ஊர், தேதி, கையெழுத்திட்டவர் பெயர். அந்தக் கையெழுத்து இடத்தில் பழைய பெயர்தான் வரும். பழைய பெயர்க்காரர் கடைசியாகப் போடுகிற கையெழுத்து அது.

அந்தக் காலத்தில் அரசிதழ் தபாலில்தான் வரும். எங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் பெய்கிற மழைக்கு எந்தத் தாளும் விறைப்பாக நிற்காது. பக்கத்துத் தேவாலாவைத் தென்னாட்டுச் சிரபுஞ்சி என்பார்கள். ஸ்டாம்ப் பேப்பர் ஊதி அப்பளம் மாதிரி நெளியும், கார்பன் தாள் ஒட்டிக்கொள்ளும். வந்த அரசிதழை உடனே லேமினேஷன் செய்யச் சொல்லிப் பழகினேன். இப்போது துறையின் இணையதளத்திலிருந்தே இறக்கி அச்செடுத்துக் கொள்ளலாம். எத்தனை நகல் தொலைந்தாலும் கவலையில்லை.

அந்த அறிவிப்புகளின் தலைப்பிலேயே துறை தெளிவாக ஒன்று போட்டிருக்கும். இந்த விளம்பரங்களுக்குச் சட்டப் பொறுப்பு எதையும் துறை ஏற்காது, விளைவுகளுக்கும் தவறான தகவலுக்கும் அறிவிப்புக் கொடுத்தவரே பொறுப்பு என்று. தொடக்க காலத்தில் நான் இதைச் சரியாக வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் ஒரு பெண்ணின் சாபத்துக்கு ஆளாகியிருக்க மாட்டேன். தொண்ணூறுகளில் அவருக்கு மனு எழுதிக் கொடுத்து, அரசிதழும் வந்து, "இனி எல்லாம் சரியாயிரும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் கழித்து மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ரேஷன் கார்டில் பழைய பெயர், பேங்கில் பழைய பெயர், எல்.ஐ.சி.யில் பழைய பெயர். "நீங்க மாத்துனது எங்க மாறிச்சு?" என்றார். அரசிதழ் ஊரறியச் சொல்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு ஆபீஸ் பேரேட்டிலும் நாம்தான் போய் மாற்ற வேண்டும். இதை நான் அவருக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து மனுவோடு ஒரு வெள்ளைத் தாளில் போக வேண்டிய ஆபீஸ்களை வரிசையாக எழுதிக் கொடுக்கிறேன். அந்தத் தாளுக்குக் காசு வாங்குவதில்லை.

இன்னொரு பிழையும் என்னுடையதுதான். ஒருவருடைய புதுப் பெயரில் ஒரு 'ஹெச்' விட்டுப்போய், அப்படியே அச்சாகிவிட்டது. மறுபடி மனு, மறுபடி கட்டணம், மறுபடி மாதக்கணக்கில் காத்திருப்பு. கட்டணத்தை நான் கட்டினேன். ஆனால் காத்திருந்தது அவர். அந்த வருடம் அவர் வெளிநாடு போகும் வாய்ப்பும் தள்ளிப்போனது. இப்போது படிவத்தை நிரப்பும் முன் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து, "உங்க கையாலயே தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதுங்க" என்கிறேன். எழுதத் தெரியாதவர் என்றால், மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, எழுதி, எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டி, வீட்டுப் பிள்ளை ஒருவரையும் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பேனாவை வைக்கிறேன். 'ழ'வுக்கு இசட்-ஹெச்சா, எல்-லா என்பதில் மட்டும் அரை மணி நேரம் போகும். போகட்டும். பின்னால் ஆதார் கம்ப்யூட்டர் அரை எழுத்தைக்கூட மன்னிப்பதில்லை.

ஆதார் வந்த பிறகு என் வேலை இரண்டு மடங்கானது என்றே சொல்வேன். முன்பெல்லாம் இரண்டு தாளில் இரண்டு பெயர் இருந்தால் ஆபீசர் முகத்தைப் பார்ப்பார், ஊர்க்காரர் யாராவது "இது இவருதான் சார்" என்பார், விஏஓவிடம் 'இருவரும் ஒருவரே' என்று ஒரு சான்று வாங்கினால் வேலை முடிந்துவிடும். அந்த இரண்டு வார்த்தையை நான் எத்தனை ஆயிரம் தடவை டைப் அடித்திருப்பேன்! இப்போது ஆளைப் பார்க்க எதிரே யாருமில்லை. இந்தப் பட்டியலில் இருக்கும் எழுத்தும் அந்தப் பட்டியலில் இருக்கும் எழுத்தும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். 2017-ல் ரேஷன் கார்டு ஸ்மார்ட் கார்டானபோது ஒரு கூட்டம் வந்தது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் தொடங்கியபோது அதைவிடப் பெரிய கூட்டம். பேங்க் கணக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று எங்கள் தோட்டத்துப் பெண்கள் கையில் பிளாஸ்டிக் பையோடு வரிசையில் நின்றார்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்து, இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் அப்பா, அம்மா பெயரைத் தேடச் சொன்னபோது, அப்பா பெயரில் மகன், மகன் பெயரில் யாருமில்லை என்று பழைய கண்டிக் குழப்பமெல்லாம் மறுபடி மேலே வந்தது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் அரசிதழ். கையில் வந்ததும் ஆதார். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் திருத்த முடியும் என்பதால், அவசரப்பட்டு இ-சேவை மையத்தில் போய் முதலில் அதைத் திருத்தி வைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். பிறகு பான், பேங்க், பி.எஃப்., வாக்காளர் அட்டை. பி.எஃப்.புக்குப் பலருக்கு வேலை கொடுத்தவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதால், வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கையெழுத்துக்கு நடப்பது தனித் துன்பம். பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பொறுத்தவரை, அதில் அச்சான பெயர் அப்படியேதான் இருக்கும், அரசிதழை அதோடு சேர்த்துக் காட்டிக்கொள்ளுங்கள் என்று பழக்குகிறேன். 2021-ல் ஜிக்யா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பெயரைத் தானே தீர்மானிப்பது கருத்துரிமையில் அடங்கியது என்ற கருத்தில் தீர்ப்பு எழுதியது. அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கீழே ஆபீசில் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எதிரே உட்காருகிறவர்கள் அதைப் படிக்கட்டும்.

எண்கணிதம் பார்த்துப் பெயர் மாற்ற வருகிறவர்களும் உண்டு. டவுனில் அவர்கள்தான் அதிகம் என்று கேள்வி. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. வருகிறவரிடம் அதை மறைப்பதும் இல்லை. கூடுதலாக ஒரு 'ஏ' போட்டால் பதினைந்து ஆபீஸ் ஏற வேண்டும், அதற்குப் போகிற கூலி நாட்கள் எத்தனை என்று கணக்குப் போட்டுக் காட்டுவேன். அதற்கும் மேல் வேண்டும் என்றால் எழுதிக் கொடுப்பேன். தமிழ்ப் பெயருக்கு மாற வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குள் ஒரு மகிழ்ச்சி வரும், அதையும் மறைப்பதில்லை. வேதாசலம் மறைமலை ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், ராமையா அன்பழகன் ஆனதும் படித்து வளர்ந்தவன் நான். அரசிதழில் அறிவிப்பைத் தமிழிலேயே கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

கேரள எல்லைப் பக்கம் என்பதால் மலையாளக் குடும்பங்களும் வருவார்கள். அவர்களுக்கு இனிஷியல் பெரும்பாலும் வீட்டுப் பெயர். இங்கே பள்ளிக்கூடத்தில் அதை அப்பா பெயரின் முதலெழுத்து என்று நினைத்து, இல்லாத ஓர் அப்பா பெயரை உண்டாக்கிவிடுவார்கள். கணவனைப் பிரிந்த பெண்கள் வருவார்கள். கல்யாணம் ஆனால் இனிஷியலை மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று சொன்னால், நம்பாமல் பார்ப்பார்கள்.

மறக்க முடியாத மனு ஒன்று. பழங்குடி இளைஞர், பக்கத்துப் பாடியிலிருந்து வந்தார். வேலைக்கு எடுத்திருந்த முதலாளி ஒருவர் அவர் அப்பாவைக் கேலியாகக் கூப்பிட்ட பெயர் பள்ளிக்கூடச் சேர்க்கையில் அப்பா பெயராக ஏறி, அதன் ஒரு துண்டு இவர் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் எடுக்க வேண்டும் என்றார். எனக்குச் சாதிச் சான்று பற்றிப் பயம். பழங்குடிச் சான்று கூடலூர் ஆர்டிஓ ஆபீஸ் வரை போய் வாங்குவது. பெயர் மாறினால் ஆவணச் சங்கிலி அறுந்து, நீ யாரோ என்று நிறுத்திவிடுவார்கள். முதலில் இருக்கிற பெயரில் சான்றை வாங்கு, பிறகு அரசிதழ், இரண்டையும் எப்போதும் சேர்த்தே காட்டு என்று சொன்னேன். ஒன்றரை வருடம் பொறுத்திருந்து அப்படியே செய்தார். படிவத்தில் காரணம் எழுதும்போது, "என்னப்பா எழுத?" என்றேன். "அந்தப் பேரைச் சொல்லி யாரும் எங்கப்பனை உக்காருன்னு சொன்னதில்ல ரைட்டர்" என்றார். 'சொந்த விருப்பம்' என்று எழுதினேன். அவர் சொன்னதை எழுத அந்தப் பெட்டியில் இடமில்லை.

2022 வாக்கில் ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். லயத்தில் மகனாக வளர்ந்த பிள்ளை. திருநர் உரிமைச் சட்டம் 2019-ல் வந்த பிறகு, இணையத்தில் விண்ணப்பித்து மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்று வாங்கலாம், அதைக் காட்டி மற்ற ஆவணங்களில் பெயரும் பாலினமும் மாற்றலாம். அந்த விண்ணப்பத்தை என் மேசையில் வைத்துத்தான் நிரப்பினோம். பெயர் என்ற இடம் வந்ததும் அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தார். "முதல் தடவ நான்தானே வச்சேன், இந்தத் தடவயும் நானே வைக்கிறேன்" என்று அந்த அம்மா சொன்னார். பெயரை முதலிலேயே யோசித்து வைத்திருந்தார் போல. தயங்காமல் சொன்னார்.

இனி என் அம்மாவைப் பற்றி.

அம்மாவுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருந்தது. அவளுக்கு நான்கு வயது இளையவரான அம்மாவுக்குப் பதிவே இல்லை. இந்தியா வரப் பேப்பர் கேட்டபோது, வீட்டில் இருந்த ஒரே பத்திரத்தைத் தாத்தா கொடுத்துவிட்டார். 1974-ல் நாங்கள் ராமேஸ்வரத்தில் இறங்கியபோது, என் அம்மா தாளில் செத்துப்போன பெரியம்மாவாக இறங்கினார். செக்ரோலிலும் அதே பெயர். அவர் பறித்த கொழுந்துக்கெல்லாம் பெரியம்மாவுக்குத்தான் பேர் விழுந்தது. ரேஷன் கார்டு எடுக்கும்போது அப்பா தெரியாமல் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டார். பேங்க் கணக்கு ரேஷன் கார்டுப்படி திறந்தது.

1996-ல் தாளின்படி அம்மாவுக்கு 58 ஆகி, ஓய்வு கொடுத்துவிட்டார்கள். உண்மையில் 54. நான்கு வருட வேலை போனது. பி.எஃப். பணம் ஒரு பெயரில் வந்தது, பேங்க் கணக்கு இன்னொரு பெயரில் இருந்தது. ஊருக்கெல்லாம் எழுதுகிற நான் என் வீட்டுக்கு எழுதி, சொந்த அம்மாவை அழைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி, பணம் கைக்கு வரப் பதினான்கு மாதம் ஆனது. அப்போதுதான் சொன்னேன், "அம்மா, கெஜட்ல போட்டு உன் பேரையே எல்லாத்துலயும் மாத்திடலாம்." படிவத்தைக்கூடப் பாதி நிரப்பி வைத்திருந்தேன்.

அம்மா வேண்டாம் என்றார். "அவ பேருலதான்டா எனக்குச் சம்பளம் வந்துச்சு. உங்களையெல்லாம் அதுல வளத்தேன். அஞ்சு வயசுல போனவ. அவளுக்கு ஒலகத்துல இருக்குறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் வெட்டிடாத." நான் வாதாடிப் பார்த்தேன். சட்டம் சொன்னேன், பென்ஷன் சொன்னேன். அந்தப் படிவம் பாதி நிரம்பியபடியே இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது.

2011 ஆடி மாதம், மழையோடு மழையாக அம்மா போனார். காரியம் முடிந்து இறப்புப் பதிவுக்கு விஏஓ ஆபீசுக்குப் போனேன். படிவத்தில் இறந்தவர் பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முதலில் பெரியம்மா பெயரை எழுதினேன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் (எ) என்று போட்டேன். அதற்குப் பிறகு அம்மாவின் பெயரை எழுதினேன். விஏஓ வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே ஆளுதானே ரைட்டரே?" என்று கேட்டார். ஆமாம் சார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.